மணப்பெண்ணின் ஒப்பனையும் நிழற்படமும்

நம் சங்கத்துக் குடும்பங்களில் ஒரு திருமணம் நிறைவேறினால், ஒன்றிரண்டு திங்கள் கழித்து அத்திருமணத்தின் ஆல்பம் வீடு வீடாக வலம் வருவதை அன்பர்கள் யாவரும் அறிவர். சொந்த ஊரிலேயே வாழ்பவர்க்கு அது பொழுதுபோக்கு. நம்மைப் போன்று பிழைப்பின் பொருட்டு ஊர் பெயர்ந்து வந்தோர்க்கோ அது ஏறத்தாழத் திருமணத்தின் மறுபாதி எனலாம். ஸ்ரீ சிட்டித் தொழிற்சாலைகளில் முறைவேலை பார்க்கும் தோழர்கள் பலர் முகூர்த்தத்திற்கு வர இயலாது போகின்றனர். தடாவிலோ சூலூர்ப்பேட்டையிலோ சத்தியவேட்டிலோ நடைபெறும் மணத்திற்கு, திருநெல்வேலியிலும் தஞ்சையிலும் உள்ள முதியோர் எத்தனை பேர் வரக்கூடும்? அவர்கள் பேத்தியை மணக்கோலத்தில் காண்பது படத்தில்தான். அந்தப் படத்தில் பெண்ணின் முகம் அவள் முகமாக இருத்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையில் நாம் கூற விழைவது.

மணப்பெண்ணின் ஒப்பனையைப் பற்றி எழுத ரயில்வே எழுத்தர் ஒருவருக்கு என்ன உரிமை என்று நம் சகோதரிகள் வினவக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆயினும், ஒப்பனைக்கும் படத்திற்கும் பணம் எண்ணிக் கொடுக்கும் தந்தையரும் தமையன்மாரும் அவ்விரண்டிற்கும் இடையே உள்ள உறவைச் சிறிதளவேனும் அறிந்திருத்தல் நலம் என்பது நம் கருத்து.

முதலில் ஒன்றைத் தெளிதல் வேண்டும். நம் கண் காண்பது வேறு, நிழற்படப் பெட்டி காண்பது வேறு. பழைய காலத்துக் கறுப்பு வெள்ளைப் படச்சுருள்களில் ஆர்த்தோகுரோமாட்டிக் என்று ஒருவகை இருந்தது. அது நீலத்தையும் பச்சையையும் உணருமேயன்றிச் சிவப்பை உணராது. ஆதலின் செவ்விதழ்கள் கரிய இதழ்களாகவும், சிவப்புக் கலந்த மேனி உள்ளதினும் கறுத்தும் பதிவாயின. படநிலையத்தார் கண்ணாடி நெகட்டிவின்மீது கூரிய பென்சிலால் இழைத்து அக்குறையை ஒருவாறு மறைத்தனர். பின்னர் எல்லா நிறங்களையும் உணரும் பான்குரோமாட்டிக் சுருள் வந்தபோது, பழைய ஒப்பனைப் பொருள்கள் அதற்கு ஒவ்வாமற் போகவே, போலந்து நாட்டிற் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய மாக்ஸ் பாக்டர் என்பவர் 1928ஆம் ஆண்டில் அதற்கெனத் தனி ஒப்பனைப் பொருள்களைச் செய்து தந்தார். வண்ணத் திரைப்படம் வந்ததும் 1930களின் பிற்பகுதியில் அவரது நிறுவனமே 'பான்கேக்' என்னும் பூச்சை வெளியிட்டது. சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் இந்தப் பான்கேக் லாரி லாரியாக வாங்கப்பட்டதை, அங்கே 1952 முதல் 1966 வரை பணியாற்றிய எழுத்தாளர் அசோகமித்திரன் தம் நினைவுக் குறிப்புகளில் நகைச்சுவை ததும்ப எழுதியுள்ளார். (அவரும் ஒரு ரயில்வே ஊழியரின் மைந்தரே என்பதில் நமக்கு ஒரு தனிப்பெருமை.) நடிகர்களின் முகத்தில் அப்பூச்சு எவ்வளவு அடர்த்தியாக ஏறிற்று என்பதையும் அவர் மறைக்கவில்லை. ஸ்டூடியோவின் சுடுவிளக்குகளுக்கு அது தேவையாயிருந்தது. விளக்கு மாறினால் பூச்சும் மாறவேண்டும் என்பதே அவ்வரலாறு நமக்குக் காட்டுவது. இன்றைய கல்யாண மேடையில் ஸ்டூடியோ விளக்கும் இல்லை, பழைய படச்சுருளும் இல்லை. அடர்ந்த பூச்சு மட்டும் ஏன் இருக்கவேண்டும்?

மற்றொரு செய்தியும் உண்டு. வண்ணப் படங்களை அச்சிடும் நிலையங்கள் நிறத்தைச் சரிபார்த்துக் கொள்வதற்காகக் கோடாக் நிறுவனம் ஒரு மாதிரிப் படத்தை அனுப்பி வந்தது. அதில் இருந்தவள் ஒரு வெள்ளைக்காரப் பெண். அவள் மேனி சரியாக விழுந்தால் எல்லாம் சரி என்பது அக்கால அளவுகோல். கறுத்த மேனியர் அவ்வளவுகோலில் இருண்டு போயினர். கண்ணும் பல்லும் மட்டுமே தெரிந்த படங்களும் உண்டு. இக்குறை தீர்வதற்குப் பெரிதும் காரணமானவர்கள் சாக்லேட் உற்பத்தியாளரும் மரச்சாமான் வணிகரும் ஆவர். தம் பொருள்களின் பழுப்பு நிற வேறுபாடுகள் விளம்பரப் படங்களில் விளங்கவில்லை என்று அவர்கள் முறையிட்ட பிறகே படச்சுருளில் திருத்தம் செய்யப்பட்டதாகக் கனடா நாட்டு ஆராய்ச்சியாளர் லோர்னா ராத் எழுதியுள்ளார். ஸ்ரீ சிட்டியின் சாக்லேட் தொழிற்சாலையில் பணிபுரியும் அன்பர்கள் இதைப் படித்துப் புன்னகை புரியலாம். பல இனத்துப் பெண்களையும் சேர்த்த மாதிரிப் படம் 1990களில்தான் வந்தது. 2021ஆம் ஆண்டில் கூகிள் நிறுவனம் தன் கைப்பேசியில் கருநிற மேனியை உள்ளவாறு காட்டும் ஏற்பாட்டைத் தனிச் சிறப்பாக அறிவித்தது. ஆக, மாநிறத்துப் பெண்ணின் முகம் படத்தில் நன்கு விழாதிருந்தால் குற்றம் அவள் நிறத்தின்மேல் இருந்ததில்லை, கருவியின்மேலேயே இருந்தது. இன்று கருவி திருந்திவிட்டது. நம் எண்ணம்தான் இன்னும் பழைய சுருளிலேயே ஓடுகிறது.

இதற்கு ஒரு சான்று கூறுவோம். நம் உறவில் ஒரு பெண். நல்ல மாநிறம், களையான முகம். அவள் திருமணத்திற்கு ஒப்பனை செய்ய வந்த அம்மையார், 'படத்தில் பளிச்சென்று விழும்' என்று கூறி, மேனி நிறத்தினும் இரண்டு படி வெளுத்த ஃபவுண்டேஷனைப் பூசினார். பெண்ணுக்கு விருப்பமில்லை, சுற்றியிருந்த பெரியம்மாக்களும் அத்தைமார்களும் விருப்பப்பட்டனர். மேடையில் நேரில் கண்டபோது அவ்வளவாகத் தெரியவில்லை. ஆல்பம் வந்தபோதுதான் தெரிந்தது. தாலி கட்டும் படத்தில் முகம் சாம்பல் பூத்தாற்போல் இருந்தது. காதும் பிடரியும் தம் இயல்பு நிறத்தில் இருந்தன. பூங்கொத்தைப் பற்றிய கைகள் வேறொருத்தியின் கைகள் போலத் தோன்றின. ஊரில் இருந்த பாட்டியார் ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்துவிட்டு, 'மாப்பிள்ளை நன்றாயிருக்கிறார். நம் பிள்ளை எங்கே?' என்று கேட்டாராம். கேலிக்காகக் கேட்டதன்று, அம்மூதாட்டிக்குப் பார்வை சற்றுக் குறைவு. அப்பெண் இன்றுவரை அந்த ஆல்பத்தை விருந்தினர்க்கு எடுத்துக் காட்டுவதில்லை.

இவ்வாறு நேர்வதன் காரணம் எளிது. தாலி கட்டும் படத்தில் முகம் மட்டும் இராது. முடிச்சிடுவது பிடரியில், ஆதலின் படமெடுப்பவர் பக்கவாட்டில் நின்று, முகம், காது, கழுத்து, மணமகன் கை, நாத்தனார் கை ஆகிய அனைத்தையும் ஒரே சட்டத்துள் அடக்குகிறார். கன்னிகாதானத்திலும் அவ்வாறே. தெலுங்கு வழக்கப்படி சீரகமும் வெல்லமும் தலையில் வைக்கும் வேளையிலும் கையும் முகமும் அருகருகே இருக்கும். அருகருகே இருக்கும் இரு நிறங்களின் வேற்றுமையைக் கண் மன்னித்துவிடும், நிழற்படம் மன்னிப்பதில்லை. எனவே ஃபவுண்டேஷனின் நிறத்தைப் புறங்கையில் தடவிப் பார்த்துத் தேர்வது பயனற்றது. தாடையோரத்திலிருந்து கழுத்துவரை ஒரு கோடு இழுத்து, வாசலில் பகல் வெளிச்சத்தில் நின்று பார்க்கவேண்டும். எந்தக் கோடு கண்ணுக்குத் தெரியாமல் மறைகின்றதோ அதுவே அவளுக்குரிய நிறம். பூசியவுடன் முடிவு செய்தலும் கூடாது. கால்மணி நேரத்தில் சில பூச்சுகள் காற்றுப்பட்டுச் சற்றுக் கருக்கும். நம்மவர் மேனியில் பெரும்பாலும் மஞ்சள் அல்லது பொன்னிறச் சாயல் அடியோட்டமாக இருக்கும். இளஞ்சிவப்புச் சாயலுள்ள பூச்சு அதன்மேல் ஏறினால்தான் அந்தச் சாம்பல் தோற்றம் வருகிறது. கண்ணடிக் கருமையை வெண்பூச்சால் மூடுவதும் இத்தகையதே. படத்தில் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் விழும். முதலில் சிறிது ஆரஞ்சு நிறத் திருத்தப்பூச்சை மெல்லெனத் தொட்டு, பின்பு மேனி நிறப் பூச்சிடுவதே கற்றறிந்த ஒப்பனையாளர் செய்வது. காது, பிடரி, கழுத்து, முதுகின் மேற்புறம் ஆகியவற்றிற்கும் அதே பூச்சு மெல்லியதாகச் செல்லவேண்டும். இதைக் கேட்டுப் பெறுதல் தவறன்று, கூலியில் அடங்கியதே.

அடுத்து ஃபிளாஷ் வெளிச்சம். வெயில் தடுக்கும் களிம்புகள் பலவற்றிலும் சில ஃபவுண்டேஷன்களிலும் டைட்டானியம் டை ஆக்சைடு, துத்தநாக ஆக்சைடு என்னும் வெண்பொடிகள் உள்ளன. முகப்பூச்சு நிலைத்து நிற்க இறுதியில் தூவும் ஒருவகைப் பவுடரில் சிலிக்கா உண்டு. இவை ஃபிளாஷின் ஒளியை நேரே திருப்பி அனுப்புவன. அறையின் விளக்கில் குற்றமின்றித் தோன்றும் முகம், ஃபிளாஷ் அடித்த படத்தில் நெற்றியிலும் கண்ணடியிலும் சுண்ணாம்பு அப்பியதுபோல் விழுவது இதனால்தான். இரவு வரவேற்புக்கு வெயில் தடுக்கும் களிம்பு எதற்கு? ஒத்திகை ஒப்பனையின்போது, இருட்டறையில் கைப்பேசியின் ஃபிளாஷைக்கொண்டு ஒரு படம் எடுத்துப் பார்த்தால் போதும். உண்மை அப்போதே வெளிப்பட்டுவிடும். காசு செலவில்லாத சோதனை இது. இதைச் செய்யாமல் பல்லாயிரம் ரூபாய்க்கு ஒப்பனை பேசுவோரை நாம் காண்கிறோம்.

ஒத்திகை என்றோம், அதை எப்போது நடத்துவது? இங்குதான் நம் சம்பிரதாயம் குறுக்கிடுகின்றது. நலங்கிலும் மங்கள நீராட்டிலும் மஞ்சள் பூசுகின்றோம். மஞ்சளில் உள்ள குர்குமின் என்னும் பொருள் துணியில் ஏறுவதுபோலவே தோலிலும் சற்று ஏறி, ஓரிரு நாள் தங்கும். (அதே மஞ்சளிற் சுண்ணாம்பு சேர்ந்தால் சிவந்து ஆரத்தி நீராவதை நாம் நாள்தோறும் காண்கிறோம், நிறம் மாறுதல் அதன் இயல்பு.) மஞ்சளுக்கு முன் பார்த்துத் தேர்ந்த ஃபவுண்டேஷன், மஞ்சளுக்குப் பின் வெளிறித் தெரிவதற்கு இதுவே காரணம். மஞ்சளை விட்டுவிடுங்கள் என்று சொல்ல நாம் துணியோம். சொன்னாலும் தாய்மார்கள் கேளார். முகத்தில் மட்டும் பெயரளவிற்குத் தொட்டு வைத்து, கை கால்களில் நிறையப் பூசுவது பல வீடுகளில் இப்போது வழக்கமாகி வருகிறது. அன்றேல், ஒப்பனையாளர் அடுத்த படி மஞ்சள் சாயலுள்ள பூச்சு ஒன்றையும் உடன் கொண்டுவரச் சொல்லவேண்டும். ஒவ்வாமை உண்டா என்பதை அறிய, புதிய பூச்சுகளை இரண்டு மூன்று நாள் முன்னதாகவே முழங்கையின் உட்புறத்தில் தடவிப் பார்த்தலும் இன்றியமையாதது.

இனி, மணம் நடக்கும் இடத்தின் ஒளி. ஒப்பனை அறையின் கண்ணாடிக்கும் மேடைக்கும் ஒளி ஒன்றாயிருப்பதில்லை. அறையில் மஞ்சள் விளக்கு, மேடையில் நீலம் பாய்ந்த எல்.இ.டி. விளக்கு என்றால், அறையில் அளவாகத் தெரிந்த கன்னச் சிவப்பு மேடையில் காணாமற்போகும். வீட்டு வாசலில் பச்சை நிறச் சாமியானா கட்டிப் பகலில் படமெடுத்தால் அத்தனை முகங்களும் பச்சை பூத்து விழும். எவ்வளவு விலையுயர்ந்த பூச்சாயினும் அதைத் தடுக்காது; வெண்துணிப் பந்தல் கட்டுவதே வழி. அரக்குப் பட்டும் தன் நிறத்தைத் தாடையின் கீழ் வீசும். ஆனால் அது அழகாகவே இருப்பதால் வருந்தவேண்டியதில்லை. பத்மாவதித் தாயாரின் திருமணத் தலமெனப் போற்றப்படும் நாராயணவனத்தில் மணம் முடிக்க விழைவோர் நம்மிடையே உண்டு. அத்தகைய பழங்கோயில்களின் கல்மண்டபங்களில் ஒளி ஒரு பக்கமிருந்தே வரும். அடர்ந்த பூச்சு அவ்வொளியில் சுவரின் பூச்சுபோல் திட்டுத்திட்டாகத் தெரியும். திருமலையில் மணமுடிப்போர் கோயிலுக்குள் கைப்பேசியும் படப்பெட்டியும் கொண்டு செல்லல் ஆகாது. எனவே அவர்கள் படங்கள் பெரும்பாலும் வெளியே, பட்டப்பகலில் எடுக்கப்படுவன. பகலொளிக்கு மிக மெல்லிய ஒப்பனையே போதும். இரவு வரவேற்புக்கும் விடியற்கால முகூர்த்தத்திற்கும் ஒரே ஒப்பனை எனப் பேசுவது ஒரே சட்டையை இருவர்க்குத் தைப்பது போன்றது.

நம் பகுதி பழவேற்காட்டு ஏரியின் அண்டை. காற்றில் ஈரம் மிகுதி. வைகாசியில் கேட்கவே வேண்டா. வியர்வை பெருகும்போது, மினுமினுப்புப் பூச்சு நெற்றியிலும் மூக்கிலும் இருந்தால் படத்தில் அது எண்ணெய் வழிவதாகவே தெரியும். மினுமினுப்பைக் கன்னத்து மேட்டோடு நிறுத்திக் கொள்ளலாம். பிசுபிசுப்பான பூச்சின்மேல் தலம்பிராலுவின் மஞ்சள் அரிசி விழுந்தால் பொடி ஒட்டிக்கொண்டு போகாது. ஒற்றியெடுக்கும் தாளைத் தோழி கையில் வைத்திருத்தல் நலம். துடைக்கக் கூடாது, ஒற்றவேண்டும். ஓமப்புகையில் கண் கலங்குவது உறுதி. பெற்றோரைப் பிரியும்போது கலங்குவது அதனினும் உறுதி. ஆகவே கண்மை நீரிற் கரையாததாக இருக்கட்டும். இதழுக்கு வெளிறிய பழுப்பு நிறச் சாயம் இப்போது பெருவழக்காக உள்ளது. மாநிறத்தார்க்கு அது படத்தில் உதடே இல்லாதது போன்ற தோற்றத்தைத் தருகின்றது. செங்கல் சிவப்பு, அரக்கு, அடர்ந்த ரோஜா ஆகியவை நம்மவர்க்கு என்றும் பொருந்துவன. ஒட்டுப்பொட்டு ஃபிளாஷில் பளபளக்கும், குங்குமம் பளபளக்காது. கன்னத்தில் இடும் திருஷ்டிப் பொட்டு எந்தப் படத்திலும் அழகே.

திருமணம் நிச்சயமான நாள் முதலே சிலர் வெளுப்புக் களிம்பு வாங்கத் தொடங்குகின்றனர். இதைக் கடுமையாகவே சொல்லவேண்டியிருக்கிறது. 2023ஆம் ஆண்டில் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்துக் கோட்டக்கல்லில் சிறுநீரக நோயுற்று வந்தோர் சிலரை ஆராய்ந்த மருத்துவர்கள், அவர்கள் பூசிவந்த வெளுப்புக் களிம்புகளிலிருந்த பாதரசத்தையே காரணமாகச் சுட்டினர். செய்தவர் பெயரும் முகவரியும் இல்லாத களிம்புகளில் இந்த ஆபத்து பெரிது. வேறு சிலர் மருந்துக் கடையில் ஸ்டீராய்டு கலந்த களிம்பை மருத்துவர் சீட்டின்றி வாங்கிப் பூசுகின்றனர். சில வாரம் முகம் வெளுத்ததுபோல் தோன்றும். பின்பு தோல் மெலிந்து, சிவந்து, பருக்கள் கிளம்பி, எந்த ஒப்பனையும் நிற்காத முகமாகிவிடும். 2018இல் அரசாங்கம் இவ்வகைக் களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று விதித்தது வீணுக்கன்று. பல்லாண்டு விளம்பரம் செய்யப்பட்ட ஒரு களிம்பின் பெயரிலிருந்தே 'ஃபேர்' என்ற சொல் 2020இல் நீக்கப்பட்டது. கம்பெனிக்காரர் கைவிட்ட சொல்லை நம் பெரியம்மாக்கள் விடவில்லை.

ஒப்பனையாளரிடம் பேசும் முறையையும் சிறிது கூறுவோம். சூலூர்ப்பேட்டை, திருப்பதி அழகு நிலையங்களில் பணிபுரிவோர் பெரும்பாலும் தெலுங்கு பேசுவோர். தமிழ் புரிந்துகொள்வர், எனினும் அவர்கள் மொழியில் சொன்னால் ஐயத்திற்கு இடமிராது. 'முகம், மெட ஒகே ரங்கு உண்டாலி' என்றால் முகமும் கழுத்தும் ஒரே நிறமாக இருக்கவேண்டும் என்பது பொருள். 'தெல்லகா ஒத்து' என்றால் வெள்ளையாக வேண்டா என்பது. நம் மாநிறத்தை அவர்கள் 'சாமனசாய' என்கின்றனர். இம்மூன்றையும் மணப்பெண்ணே வாய்திறந்து சொல்லட்டும். அவள் சொல்லும்போது அத்தைமார்கள் சற்று அமைதி காக்கட்டும். ஒப்பனையாளர் முன்பு தாம் செய்த படங்களைக் காட்டுவார். அவற்றில் வெளுத்த பெண்களையே காட்டினால், மாநிறப் பெண்ணுக்குச் செய்த படம், அதுவும் கைப்பேசி மெருகேற்றாத படம் ஒன்றைக் கேட்டுப் பார்க்கவேண்டும். சென்னையிலிருந்து ஒருவரை வரவழைப்பதானால் முதல் நாள் மாலையே வந்து தங்க ஏற்பாடு செய்தல் வேண்டும். விடியல் முகூர்த்தத்திற்கு நள்ளிரவு கழிந்த சிறிது நேரத்தில் வேலை தொடங்கவேண்டும்; முதல் வண்டியில் வந்து சேர்கிறேன் என்பவரின் வாக்கை, கால அட்டவணையோடே வாழும் நாம் நம்புவதற்கில்லை.

படமெடுப்பவரையும் ஒப்பனையாளரையும் ஒருமுறையாவது பேசவைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மேடையில் எந்த நிற விளக்கு, ஃபிளாஷ் நேரே அடிக்கப்படுமா, கூரையிலோ குடையிலோ பட்டுத் திரும்புமா என்பதை அவர் சொன்னால் இவர் பூச்சைத் தீர்மானிப்பார். மணமகனின் வெள்ளை வேட்டியையும் சரிகையையும் பார்த்து ஒளியை அளக்கும் கருவி, அவை வெளுத்துவிடக்கூடாதென்று படம் முழுவதையும் இருளச் செய்யும். மணப்பெண்ணின் முகத்தைப் பார்த்து ஒளி அளக்குமாறு படமெடுப்பவரிடம் கூறிவிட்டால், முகத்தை வெளுக்கப் பூசவேண்டிய தேவையே பெரும்பாலும் எழுவதில்லை. கைப்பேசியில் எடுக்கும் தம்பிமார் அழகூட்டும் ஏற்பாட்டை அணைத்துவிடவேண்டும். ஆல்பம் தொகுக்கும்போது முகத்தை மெருகேற்றுவதும் வெளுப்பாக்குவதும் வேண்டா என்று முன்பணம் கொடுக்கும்போதே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. மெருகேற்றாத மூலப் படங்களையும் தனியே பெற்று வைத்துக்கொள்ள வேண்டும். அச்சுக்கு அனுப்புமுன் ஒரு பக்கத்தை மாதிரியாக அச்சிட்டு வாங்கிப் பகல் வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். திரை தானே ஒளிவிடுவது, தாள் ஒளிவிடாது. ஆதலின் திரையில் கண்டதினும் அச்சில் சற்று இருண்டே தெரியும். அதைக் கண்டு அஞ்சி முகத்தை மட்டும் வெளுக்கச் சொல்லாமல், படம் முழுவதற்கும் சிறிது ஒளி கூட்டி அச்சிடக் கேட்டால் போதுமானது.